ஒரே படம், மூன்று தேதி: வில்ட்ஷயரின் பழைய படங்களைப் படிக்கும் முறை

இங்கிலாந்தின் தென்மேற்கில் உள்ள வில்ட்ஷயர் கவுண்டியில் லேகாக் என்றொரு சிற்றூர். அங்குள்ள பழைய மடத்தின் தெற்குக் கூடத்தில், சின்னச் சின்னக் கண்ணாடித் துண்டுகளை ஈயச் சட்டத்தில் கோத்த ஜன்னல் ஒன்று உண்டு. அந்த வீட்டின் சொந்தக்காரரான வில்லியம் ஹென்றி ஃபாக்ஸ் டால்பட், 1835 ஆகஸ்டில் அந்த ஜன்னலை ஒரு துண்டுத் தாளில் ஒளியால் பதியவைத்தார். தாள் தபால்தலை அளவுதான். உலகில் இன்று மிஞ்சியிருக்கும் நெகட்டிவ்களில் மிகப் பழையது அது. பிராட்ஃபோர்டு நகர அருங்காட்சியகத்தில் பாதுகாக்கிறார்கள். அதன் பக்கத்திலேயே டால்பட் கைப்பட எழுதிய குறிப்பு இருக்கிறது: எதைக் கொண்டு எடுத்தது, எந்த மாதம், எடுத்த புதிதில் லென்ஸ் வைத்துப் பார்த்தால் சுமார் 200 கண்ணாடித் துண்டுகளை எண்ண முடிந்தது. இப்போது எண்ண முடியாது. தாள் மங்கிவிட்டது, குறிப்பு மங்கவில்லை.

இப்படிப்பட்ட குறிப்போடு கிடைக்கும் படங்கள் அபூர்வம். ஒரு கவுண்டியின் பழைய படங்களை அள்ளிப் பார்த்தால் பெரும்பாலானவை ஊமைப் படங்கள். கீழே ஏதாவது எழுதியிருந்தாலும் அது யாரோ எப்போதோ ஊகித்து எழுதியதாக இருக்கும். புதிதாக இதில் இறங்குபவர்கள் கேட்கும் முதல் கேள்வி 'இது எந்த வருடத்துப் படம்?' என்பது. கேள்வியே கொஞ்சம் தப்பு. ஒரு படத்துக்கு ஒரு தேதி கிடையாது, மூன்று உண்டு. காட்சி பதிவான தேதி ஒன்று. கையில் இருக்கும் பிரதி அச்சான தேதி இரண்டு. அந்தப் பிரதியை யாரோ வாங்கி எழுதிய, அனுப்பிய, ஆல்பத்தில் ஒட்டிய தேதி மூன்று. இவற்றைக் குழப்புவதால்தான் பெரும்பாலான தவறுகள் நடக்கின்றன. 1890-களின் நெகட்டிவிலிருந்து 1910-இல் போஸ்ட்கார்டு அடிப்பது அன்று சாதாரண வியாபாரம். தபால் முத்திரை சொல்வது 'இதற்குப் பிந்தியது அல்ல' என்பதை மட்டுமே.

முதலில் பொருளைப் பாருங்கள்

காட்சிக்குள் போவதற்கு முன் கையில் இருப்பது என்ன பொருள் என்று பார்க்க வேண்டும். ஒரு அளவுகோல், பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ், ஜன்னலோர வெளிச்சம் போதும். லென்ஸில் ஒழுங்கான புள்ளிகள் தெரிந்தால் அது அச்சகத்தில் அடித்தது. புள்ளியே இல்லாமல் நிழல் வழவழவென்று கரைந்து போனால் உண்மையான புகைப்படப் பிரதி.

மெல்லிய தாளைத் தடித்த அட்டையில் ஒட்டியிருந்து, வெள்ளையாக இருக்க வேண்டிய இடங்கள் மஞ்சள் பாரித்திருந்தால் அது பெரும்பாலும் முட்டை வெண்கரு பூசிய ஆல்புமின் தாள். 1850-களிலிருந்து 1890-கள் வரை அதுதான் ராஜா. அட்டை ஏறத்தாழ 63×100 மில்லிமீட்டர் இருந்தால் கார்ட் தெ விசிட், இங்கிலாந்தில் 1860-களில் வெறியாகப் பரவிய வடிவம். 108×165 மில்லிமீட்டர் என்றால் அதற்கு அடுத்து வந்த கேபினட் அட்டை. படத்தின் கறுப்பான ஓரங்களைச் சாய்த்துப் பார்க்கும்போது வெள்ளித் தகடுபோல் பளபளத்தால் அது ஜெலட்டின் தாள், ஆல்புமினுக்குப் பிந்தியது. சதுரமாக 3¼ அங்குலக் கண்ணாடி கிடைத்தால் அது மாய விளக்குக் காட்சிக்கான ஸ்லைடு. நெகட்டிவ் என்று நினைத்துவிடக் கூடாது.

போஸ்ட்கார்டுகள் தேதி சொல்வதில் தாராளமானவை. பிரிட்டனில் தனியார் அச்சிட்ட அட்டைகளைத் தபால்தலை ஒட்டி அனுப்ப அனுமதி வந்தது 1894-இல். அப்போது பின்புறம் முழுக்க முகவரிக்கு மட்டும்தான். செய்தியைப் படத்தின் ஓரத்தில் நெருக்கி எழுதுவார்கள். 1902 ஜனவரியில் பின்புறத்தை நடுக்கோடு போட்டு இரண்டாகப் பிரித்து, இடப்பக்கம் செய்தியும் வலப்பக்கம் முகவரியும் எழுத விட்டார்கள். எனவே நடுக்கோடு உள்ள பிரிட்டிஷ் அட்டை 1902-க்கு முன் அச்சானதாக இருக்க முடியாது. உள்நாட்டுத் தபால் கட்டணம் 1918 ஜூன் வரை அரை பென்னி, பிறகு ஒரு பென்னி. தபால்தலையை யாரோ சேகரிப்புக்காக உரித்துவிட்டாலும், தலை ஒட்டும் கட்டத்துக்குள் கட்டணத்தை அச்சிட்டிருப்பார்கள். அதையும் பாருங்கள்.

ஸ்டோன்ஹெஞ்ச் ஒரு கடிகாரம்

காட்சிக்கு வருவோம். வில்ட்ஷயரில் அதிகம் படமாக்கப்பட்ட இடம் ஸ்டோன்ஹெஞ்ச், பெருங்கற்களை வட்டமாக நிறுத்திய பழங்காலச் சின்னம். கற்கள் மாறாது என்று நினைப்போம். உண்மையில் அந்தக் கற்கள் விழுந்ததும் நிமிர்ந்ததும் எழுதிவைத்த தேதிகளோடு நமக்குக் கிடைத்திருக்கின்றன. ஒவ்வொரு கல்லுக்கும் எண் உண்டு. ஃபிளிண்டர்ஸ் பெட்ரி என்ற ஆய்வாளர் 1880-இல் வெளியிட்ட எண்வரிசையே இன்றும் வழக்கில் இருக்கிறது. நான்கு தகவல் தெரிந்தால் போதும்.

ஒன்று, 57, 58 எண் கற்களும் அவற்றின் மேல் கிடந்த உத்தரக் கல்லும் 1797 ஜனவரியில் சாய்ந்தன. அவற்றைத் திரும்ப நிறுத்தியது 1958-இல். இரண்டு, மேற்குப் பக்கம் வெளிவட்டத்தில் இருந்த 22-ஆம் கல் 1900 டிசம்பர் 31 அன்று, அந்த நூற்றாண்டின் கடைசி நாளில், உத்தரத்தோடு விழுந்தது. அதையும் 1958-இல்தான் எழுப்பினார்கள். மூன்று, உள்ளே நிற்கும் மிக உயரமான கல்லான 56 நெடுங்காலம் உட்பக்கமாகச் சாய்ந்தே கிடந்தது. 1901 செப்டம்பரில் வில்லியம் கௌலண்ட் அதை நிமிர்த்திக் காரை போட்டு நிறுத்தினார். நான்கு, 23-ஆம் கல் 1963-இல் விழுந்தது, அடுத்த வருடமே நிறுத்தினார்கள்.

இனி கணக்கு எளிது. 22 நிற்கிறது, 56 சாய்ந்திருக்கிறது என்றால் 1900 முடிவதற்குள் எடுத்தது. 22 கீழே, 56 நேராக என்றால் 1901 செப்டம்பருக்கும் 1958-க்கும் இடையில். 22 கீழே, 56 இன்னும் சாய்ந்தே இருக்கிறது என்றால் கையில் இருப்பது 1901-இன் சில மாதங்களுக்குள் அடங்கும் அரிய படம். 57, 58 நிற்கும் புகைப்படம் எவ்வளவு மங்கலாக, பழுப்பாக இருந்தாலும் 1958-க்குப் பிந்தியதுதான், ஏனென்றால் 1797-இல் புகைப்படமே கிடையாது. அந்த இரண்டும் நிற்பது ஓவியமாக இருந்தால் மட்டும் 1797-க்கு முந்தியதாக இருக்கலாம்.

இதில் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. 56-ஆம் கல் சாய்ந்தது வடகிழக்கு நோக்கி. வடகிழக்கிலிருந்து நேரே எடுத்த படத்தில் சாய்வு தெரியாது, கல் கொஞ்சம் குட்டையாகத் தெரியும், அவ்வளவுதான். எனவே கற்களைப் பார்ப்பதற்கு முன் கேமரா நின்ற திசையை முடிவு செய்ய வேண்டும். படத்தில் தெரியும் மூன்று கற்களைத் தரைப்படத்தில் கண்டுபிடித்து, எது எதை மறைக்கிறது என்று பார்த்தால் திசை பிடிபடும். இந்த வேலைக்கு பத்து நிமிடம் ஆகும், அதைத் தாண்டிக் குதிப்பவர்களே அதிகம்.

இதே தர்க்கத்தைக் கவுண்டி முழுக்க ஓட்டலாம். செர்ஹில் குன்றில் சுண்ணாம்புப் பாறை தெரியப் புல்லைச் சீவி 1780-இல் வெட்டிய வெள்ளைக் குதிரை இருக்கிறது. அதன் அருகே நிற்கும் லான்ஸ்டவுன் நினைவுத்தூண் 1845-இல் கட்டியது. குதிரை மட்டும் இருந்து தூண் இல்லாத ஓவியத்தின் காலம் இந்த 65 ஆண்டுக்குள். சாலிஸ்பரி தேவாலயத்தின் 123 மீட்டர் கூர்கோபுரம் பல நூற்றாண்டாக அப்படியே நிற்கிறது, தேதி சொல்ல உதவாது. புகழ்பெற்ற கட்டடங்களே இந்த விஷயத்தில் மோசமான சாட்சிகள். ஆனால் அதே தேவாலயத்தின் மேற்கு முகப்பில் சிலைகள் இருக்கும் மாடங்கள் பெரும்பாலும் காலியாகத் தெரிந்தால், 1860-களின் இறுதியில் சிற்பி ரெட்ஃபெர்ன் சிலைகளை நிரப்பத் தொடங்குவதற்கு முந்திய காலம் என்று பொருள். ஊர் நடுவே இருக்கும் கோழிச்சந்தைச் சிலுவை மண்டபத்தின் மேல் இன்று கிரீடம்போல் வளைந்து எழும் கல் விட்டங்கள் 1850-களின் தொடக்கத்தில் சேர்த்தவை. ஏவ்பரியின் கல்வட்டத்தில் சிறிய கான்கிரீட் குற்றிகள் தெரிந்தால், அலெக்சாண்டர் கெய்லர் 1930-களின் பிற்பகுதியில் அங்கு வேலை செய்த பிறகு எடுத்தது. காணாமல் போன கற்களின் இடத்தை அவர் அப்படிக் குறித்தார்.

ஸ்விண்டன் ரயில் நகரம். கிரேட் வெஸ்டர்ன் ரயில்வே 7 அடி கால் அங்குல அகலத் தண்டவாளத்தில் ஓடியது, நாட்டின் மற்ற இடங்களில் 4 அடி 8½ அங்குலம். இரண்டு வகை வண்டிகளும் ஓட, பல இடங்களில் மூன்றாவதாக ஒரு தண்டவாளம் போட்டார்கள். அகலப் பாதையை 1892 மே மாதத்தோடு ஒழித்தார்கள். எனவே ஒரு பாதையில் மூன்று தண்டவாளம் தெரிந்தால் படம் அதற்கு முந்தியது. ஸ்விண்டன் தெருவில் டிராம் கம்பி தெரிந்தால் 1904-க்கும் 1929-க்கும் இடையில். டெவைசஸ் பக்கத்து கேன் ஹில் கால்வாய்ப் படிகளில் புதர் மண்டியிருந்தால் அது கைவிட்ட காலம், கால்வாயைத் திரும்பத் திறந்தது 1990-இல்.

ஓவியர்கள் எங்கே பொய் சொல்வார்கள்

கேமராவுக்கு முந்திய படங்களைத் தள்ளிவிட முடியாது. ரிச்சர்டு கோல்ட் ஹோர் என்ற செல்வந்தர் 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜான் பக்லர் என்ற ஓவியரை அமர்த்தி, வில்ட்ஷயர் தேவாலயங்களை நீர்வண்ணத்தில் வரைய வைத்தார். அவை இன்று டெவைசஸில் உள்ள வில்ட்ஷயர் அருங்காட்சியகத்தில் 10 தொகுதிகளாக இருக்கின்றன. விக்டோரியா காலத்தில் இடித்துத் திருத்திய பல தேவாலயங்களின் பழைய உருவத்தை அறிய இவற்றைவிட நல்ல வழி இல்லை. பக்லர் கட்டடக் கலைஞரும்கூட, ஜன்னல் எண்ணிக்கையில் ஏமாற்ற மாட்டார்.

இயற்கைக் காட்சி ஓவியர் ஜான் கான்ஸ்டபிள் வேறு ரகம். 1831-இல் அவர் காட்சிக்கு வைத்த சாலிஸ்பரி தேவாலய ஓவியத்தில் வானவில்லின் ஒரு முனை லெடன்ஹால் என்ற வீட்டின் மேல் இறங்குகிறது. அது அவருடைய நண்பர் ஃபிஷரின் வீடு. வானவில் அங்கே தற்செயலாக விழவில்லை. பழஞ்சின்ன ஆய்வாளர் வில்லியம் ஸ்டூக்லி 1720-களில் ஏவ்பரியில் கற்களை ஊரார் உடைத்துக்கொண்டிருந்தபோதே அளந்து வரைந்தார், அதனால் அவர் படங்கள் விலைமதிப்பற்றவை. ஆனால் முழு அமைப்பும் ஒரு பாம்பு வடிவம் என்ற தன் கொள்கைக்குப் பொருந்த, பாம்பின் தலைப்பகுதிக் கல்வட்டத்தைப் பிற்பாடு நீள்வட்டமாக மாற்றிவிட்டார். எனவே அச்சில் வந்ததைவிடக் களத்தில் வரைந்த முதல் கோட்டுப்படத்தை நம்புங்கள். ஃபான்ட்ஹில் மாளிகையின் பெருங்கோபுரம் 1825 டிசம்பரில் இடிந்து விழுந்தது. அந்தக் கோபுரத்தோடு யாராவது 'பழைய புகைப்படம்' காட்டினால், அது ஓர் அச்சுப்படத்தைப் படமெடுத்தது.

கேமராவும் பொய் சொல்லும், வேறு மாதிரி. ஈரக் கண்ணாடித் தகட்டுக்கு 1850-களிலும் 60-களிலும் நொடிக்கணக்கில் வெளிச்சம் காட்ட வேண்டும். நடப்பவர்களும் வண்டிகளும் அதற்குள் கரைந்துவிடுவார்கள். சந்தை நாளிலும் தெரு வெறிச்சோடித் தெரிவது இதனால்தான். 'அன்று மக்கள்தொகை குறைவு' என்று விளக்கம் எழுதிவிடாதீர்கள். அந்தத் தகடுகள் நீல ஒளிக்கே அதிகம் மசியும், அதனால் வானம் வெளுத்துப் போகும், சிவப்பு கறுப்பாகும். ஆகவே படப்பிடிப்பாளர்கள் வேறொரு நெகட்டிவிலிருந்து மேகத்தை ஒட்டினார்கள், அல்லது தூரிகையால் தீட்டினார்கள். 1858-இல் மதுரையையும் தஞ்சையையும் படமெடுத்த லின்னேயஸ் டிரைப்பும் நெகட்டிவில் மேகம் தீட்டியவர்தான். அவர் கையாண்ட தாள் நெகட்டிவ் முறை லேகாக்கில் டால்பட் தொடங்கியதன் வழி வந்தது. எனவே மேகத்தை வைத்து அன்றைய வானிலையை எழுத வேண்டாம்.

இன்னொன்று, இடவல மாற்றம். டாகுரோடைப்பிலும் (வெள்ளி பூசிய தகட்டில் நேரடியாகப் பதிந்த பழைய வகைப் படம்) தகரத் தகட்டுப் படத்திலும் காட்சி கண்ணாடியில் பார்ப்பதுபோல் திரும்பியிருப்பது இயல்பு. கண்ணாடி நெகட்டிவையோ ஸ்லைடையோ தலைகீழ்ப் பக்கமாக ஸ்கேன் செய்தாலும் இதே கதி. கடைப் பலகை எழுத்து, கடிகார முகம், ராணுவப் பதக்கம் (இடது மார்பில் இருக்க வேண்டும்), ஆண்களின் கோட்டுப் பொத்தான் (இடப்பக்கத் துணி மேலே வர வேண்டும்) ஆகியவற்றில் ஒன்றையாவது சோதியுங்கள். கண்ணாடித் தகட்டில் மினுமினுப்பான பக்கம் வெறும் கண்ணாடி, மங்கலான பக்கத்தில்தான் படம் இருக்கிறது. அந்தப் பக்கத்தை எதைக் கொண்டும் துடைக்கக் கூடாது.

மனிதர்கள்

ஆட்களின் படத்தில் ஆடையே நாள்காட்டி என்பார்கள். பாதி உண்மை. 1860-களின் கூண்டுப் பாவாடை, 1890-களின் நடுவில் தோளில் பலூன்போல் உப்பிய கை, இவை நல்ல அடையாளங்கள். ஆனால் வயதானவர்கள் தங்கள் இளமைக் கால உடையையே உடுத்துவார்கள். படத்தில் இருக்கும் மிக இளைய பெண்ணின் உடையை வைத்துக் கணக்கிடுங்கள், பாட்டியை வைத்து அல்ல. சாலிஸ்பரி சமவெளியின் ஆட்டிடையர்கள் அணிந்த சுருக்குத் தையல் மேலங்கி நகரத்தில் வழக்கொழிந்த பிறகும் கிராமத்தில் நீடித்தது, அதை வைத்துத் தேதி சொல்லவே முடியாது. போதாததற்கு, பிற்காலத்தில் படத்துக்காகவே அதை அணிந்து நின்றவர்களும் உண்டு.

ஸ்டூடியோப் படம் என்றால் அட்டையைத் திருப்பிப் பாருங்கள். படப்பிடிப்பாளரின் பெயரும் தெரு முகவரியும் அச்சிட்டிருக்கும். கெல்லி நிறுவனம் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை வெளியிட்ட வில்ட்ஷயர் வணிக விவரப் புத்தகங்களில் அந்தப் பெயர் எந்தப் பதிப்பில் தொடங்கி எதில் முடிகிறது, முகவரி எப்போது மாறுகிறது என்று பார்த்தால் பல நேரம் ஐந்தாறு வருடத்துக்குள் குறுக்கிவிடலாம். பின்புறம் கையால் எழுதிய ஆள்பெயரை மட்டும் அவ்வளவு எளிதில் நம்பாதீர்கள். பால்பாயிண்ட் பேனா மையில் எழுதியிருந்தால் எழுதியது பேரப்பிள்ளையாகத்தான் இருக்கும்.

எங்கே தேடுவது, எந்தக் கவுண்டியில்

கவுண்டியின் எல்லை நிலையானது அல்ல. கிங்ஸ்வுட் என்ற ஊர் 1844 வரை வில்ட்ஷயர், பிறகு குளோஸ்டர்ஷயர். கில்மிங்டன் 1896-இல் சாமர்செட்டிலிருந்து வந்தது. தெற்கு டிட்வொர்த் 1992 வரை ஹாம்ப்ஷயர். ஸ்விண்டன் 1997 முதல் தனி நிர்வாகம். ஒரு ஊரின் படம் கிடைக்கவில்லை என்றால் பக்கத்துக் கவுண்டியின் ஆவணக் காப்பகத்திலும் தேட வேண்டும்.

சிப்பன்ஹாமில் உள்ள வில்ட்ஷயர், ஸ்விண்டன் வரலாற்று மையம் முதல் வாசல். டெவைசஸ் அருங்காட்சியகம் இரண்டாவது. மூன்றாவதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்: இங்கிலாந்து முழுமைக்குமான ஹிஸ்டாரிக் இங்கிலாந்து ஆவணக் காப்பகம் ஸ்விண்டனில், பழைய ரயில்வே தொழிற்சாலை வளாகத்திலேயே இருக்கிறது. 1919-இல் தொடங்கிய ஏரோஃபிலிம்ஸ் நிறுவனத்தின் வான்படங்கள் அங்கேதான். வான்படத்துக்கும் வில்ட்ஷயருக்கும் பழைய உறவு உண்டு. 1906-இல் லெப்டினன்ட் ஷார்ப் ராணுவ பலூனிலிருந்து ஸ்டோன்ஹெஞ்சைப் படமெடுத்தார். 1925-இல் விமானி இன்சால் வானிலிருந்து வுட்ஹெஞ்ச் என்ற பழங்கால மரத்தூண் அமைப்பின் வட்டங்களைக் கண்டார். 1943 டிசம்பரில் ராணுவப் பயிற்சிக்காகக் காலி செய்த இம்பர் போன்ற கிராமத்துக்கு, வீடுகள் உயிரோடு இருந்ததற்கு அந்தக் காலப் படங்களே சாட்சி.

இடத்தை உறுதி செய்ய ஸ்காட்லாந்து தேசிய நூலகத்தின் இணையதளத்தில் ஆர்டனன்ஸ் சர்வே என்ற பிரிட்டிஷ் நில அளவைத் துறையின் பழைய வரைபடங்கள் இலவசமாகக் கிடைக்கின்றன, இங்கிலாந்துக்கும் சேர்த்து. ஒரு மைலுக்கு 25 அங்குலம் என்ற அளவு வரைபடத்தில் தனி வீடும் வேலியும்கூடத் தெரியும்.

ஸ்கேனும் குறிப்பும்

காகிதப் பிரதிக்கு அங்குலத்துக்கு 600 புள்ளி போதும். 5½×3½ அங்குலப் போஸ்ட்கார்டு அப்போது 3300×2100 புள்ளி வரும், டிஃப் கோப்பாகச் சேமித்தால் ஏறத்தாழ 20 எம்பி. 35 மில்லிமீட்டர் ஃபிலிமுக்கு 2400-க்குக் குறையக் கூடாது. பின்புறத்தையும் கட்டாயம் ஸ்கேன் செய்யுங்கள், மூன்று தேதிகளில் இரண்டு பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். ஓரங்களை வெட்டாதீர்கள். வண்ணம் சேர்ப்பதும் கீறலை அழிப்பதும் நகலில் மட்டும். கண்ணாடித் தகடுகளை அடுக்கிப் படுக்க வைத்தால் கீழே இருப்பது விரிசல் விடும், நீளமான ஓரத்தில் நிறுத்தி வையுங்கள். 1950-களுக்கு முந்திய ஃபிலிம் சுருளில் காரமான வாடை அடித்தால் அது சிதையும் நைட்ரேட்டாக இருக்கலாம். எளிதில் தீப்பற்றும், ஸ்கேனரில் வைக்காமல் காப்பகத்தாரிடம் சொல்லுங்கள். பிரதி உங்களுடையது என்பதால் காப்புரிமை உங்களுடையது ஆகிவிடாது. பிரிட்டனில் படமெடுத்தவர் இறந்து 70 ஆண்டு என்பது அடிப்படைக் கணக்கு.

பிரதியின் பின்னால் எழுத வேண்டியிருந்தால் மென்மையான 2பி பென்சில், ஓரத்தில், அழுத்தாமல். மற்றதெல்லாம் தனிக் குறிப்பில். ஸ்டோன்ஹெஞ்ச் போஸ்ட்கார்டு ஒன்று கையில் இருப்பதாக வைத்துக்கொண்டால், குறிப்பு இப்படி அமையும்: 'ஸ்டோன்ஹெஞ்ச், வடமேற்கிலிருந்து. போஸ்ட்கார்டு, 140×89 மி.மீ., உண்மையான புகைப்படப் பிரதி. காட்சி: 1901 செப்டம்பருக்குப் பின், 56-ஆம் கல் நிமிர்ந்திருப்பதால். அட்டை: 1902 அல்லது பின்னர், பின்புறம் நடுக்கோடு இருப்பதால். அனுப்பியது: 1907 ஜூலை, தபால் முத்திரைப்படி. படமெடுத்தவர் பெயர் அட்டையில் இல்லை.'